குயீனும் குவார்ட்டர் மட்டனும்

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? ஒரு பஞ்சாயத்துக்காக எழுதுகிறேன். புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை மச்சான் வீட்டில் இலை போட்டார்கள். சாப்பிட்டு வராண்டாவில் உட்கார்ந்தபோது பேச்சு இங்கிலாந்து ராக் இசைக்குழுவான குயீனின் பாட்டுகளுக்குப் போனது. போஹீமியன் ராப்சடிதான் உச்சம் என்றேன். பத்து வயதில் மொசாம்பிக்கிலிருந்து ஒலிபரப்பான எல்.எம். ரேடியோவில் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. மச்சானோ, 'ஐ வாண்ட் டு பிரேக் ஃப்ரீ'க்கு முன்னால் அது வெறும் வித்தை, நடுவில் பிரயன் மே வாசிக்கும் கிடார் ஒன்று போதும் என்றார். அதோடு விட்டாரா? "84-ல சன் சிட்டிக்கு வந்து பாடினவனுங்க பாட்டையா தலையில தூக்கி வச்சு ஆடுற?" என்று கேட்டுவிட்டார். மூன்றாம் சனிக்கிழமை நான் போகவில்லை. உங்கள் தீர்ப்பை இரண்டு பேரும் ஏற்க வேண்டும், தோற்றவர் புரட்டாசி முடிந்ததும் மட்டன் பன்னி (பன்றியல்ல, குடைந்த ரொட்டிக்குள் ஆட்டுக்கறிக் குழம்பு) வாங்கித் தர வேண்டும் என்று என் மனைவி முடிவு செய்திருக்கிறாள்.

கே., சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள கே.,

புரட்டாசியில் கவிச்சி கூடாது என்றார்கள், சண்டை கூடாது என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சரி, தீர்ப்புக்கு முன் ஆளுக்கொரு குட்டு.

எல்.எம். ரேடியோ 1975 அக்டோபர் 12 அன்று மூடப்பட்டது. போஹீமியன் இங்கிலாந்தில் வெளிவந்ததே அக்டோபர் 31. நீங்கள் கேட்டது அதற்குப் பதிலாக வந்த ரேடியோ 5 ஆக இருக்கும். அடுத்தது மச்சான். அவர் நாற்பது வருஷமாக மெச்சிக்கொண்டிருப்பது கிடாரே இல்லை. ஃபிரெட் மாண்டெல் என்ற கனடாக்காரர் சிந்தசைசரில் வாசித்தது. ஹெட்போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள், தந்தியை மீட்டும் அந்தச் சின்ன உரசல் எங்கேயாவது கேட்கிறதா என்று.

போஹீமியன் எங்கள் வீட்டுக்குள் வந்தது என் அண்ணன் கையில். முதல் சம்பளத்தில் கிரே தெருவில் வாங்கிய சின்ன ரெக்கார்டு. முதலில் குரல்கள் மட்டும், பிறகு மெதுவாகப் பியானோ. அம்மா அடுக்களையில் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தார். மேற்கத்திய இசைநாடகம் போன்ற ஆபரா பகுதி வந்தது, பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கத்துவதுபோல. அதற்குள்ளே "பிஸ்மில்லா" என்று ஒரு குரல். அம்மா கரண்டியோடு வெளியே வந்து, "பக்கத்து வீட்டு பாய் ரேடியோவா இது?" என்றார். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அண்ணன் சிரித்த சிரிப்பில் ஊசி குதித்து, மறுபடி பியானோவுக்கே போய்விட்டது.

அந்தப் பத்துப் பதினைந்து பேர் உண்மையில் மூன்றே பேர். பாடகர் ஃபிரெடி மெர்க்குரி, கிடார்காரர் பிரயன் மே, டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லர். ஒருநாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பாடி, பாடியதன் மேலேயே திரும்பத் திரும்பப் பாடிச் சேர்த்திருக்கிறார்கள். ஓடி ஓடித் தேய்ந்த டேப்பை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்ததாம். ஐந்து நிமிஷம் ஐம்பத்தைந்து விநாடி, இவ்வளவு நீளத்தை எந்த ரேடியோ போடும் என்று கம்பெனி தயங்கியது. கென்னி எவரெட் என்ற லண்டன் அறிவிப்பாளர் ஒரே வார இறுதியில் பதினான்கு தடவை போட்டார். அப்புறம் ஒன்பது வாரம் முதலிடம். மேடையில் அந்த ஆபரா பகுதியைப் பாட அவர்களாலேயே முடியாது. டேப்பை ஓடவிட்டு உள்ளே போய்விடுவார்கள். மச்சான் வித்தை என்று சொன்னது இதைத்தான் என்றால் வித்தைதான், ஆனால் 'வெறும்' என்ற சொல்லை அவர் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிரேக் ஃப்ரீ வேறு ஜாதி. பேஸ் கிடார்காரர் ஜான் டீக்கன் எழுதியது. அதிகம் பேசாத மனிதர், பாடவும் மாட்டார். எளிமையான மெட்டு, ஒருமுறை கேட்டால் பாத்ரூமில் பாடிவிடலாம். நான்கு பேரும் பெண் வேஷம் கட்ட, ஃபிரெடி வீட்டைப் பெருக்கிய வீடியோவைப் பார்த்து அமெரிக்காவில் முகம் சுளித்தார்கள். நம் ஊரிலோ அதை விடுதலைப் பாட்டாகவே கேட்டவர்கள் உண்டு. அந்த அர்த்தம் டீக்கன் வைத்தது அல்ல, கேட்டவர்கள் வைத்தது. அதற்காகப் பாட்டை மதிக்கலாம், உயர்ந்த பாட்டு என்று சொல்லிவிட முடியாது.

இனி சன் சிட்டி. உங்களுக்கு உறைத்தது அதுதான் என்று நினைக்கிறேன். நிறவெறி ஆட்சி நடந்த 1984 அது. அந்த வருஷம் ஆகஸ்ட் 28-இல் பாராளுமன்றத்தில் இந்தியர்களுக்கென்று ஒரு தனி அவையைக் காட்டி ஓட்டுப் போடச் சொன்னார்கள். கறுப்பர்களுக்கு அதுவும் கிடையாது. பதிவு செய்திருந்த நம்மவர்களில் ஐந்தில் ஒருவர் அளவில்தான் போய்ப் போட்டார்கள். எங்கள் வீட்டில் யாரும் போகவில்லை. ஓட்டுக்கே போகாமல் வீம்பாக உட்கார்ந்திருந்த ஜனங்களின் காதில், இரண்டு மாதத்துக்குள், குயீன் சன் சிட்டியில் பாடுகிறது என்ற செய்தி விழுந்தது. எங்கள் கூட்டத்தில் எல்லா நிறத்தவரும் உட்காரலாம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். பிரிட்டோரியாவின் வெள்ளையர் அரசு 'தனி நாடு' என்று பெயர் சூட்டிய இடத்தில் கட்டிய சூதாட்ட விடுதிதான் சன் சிட்டி. ஃபிரெடிக்குத் தொண்டை கட்டிக்கொண்டு சில கச்சேரிகள் ரத்தாயின. நான் சந்தோஷப்பட்டேன், மறைப்பானேன். பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கம் அபராதம் போட்டது, புறக்கணிப்பை மீறி இங்கே பாடியவர்களின் ஐ.நா. பட்டியலிலும் பெயர் ஏறியது.

வேறொருவர் வந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. ஃபிரெடி சான்சிபாரில் பிறந்த பார்சிப் பையன், பஞ்ச்கனியில் படித்தவன், இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. நம்மாளு, நம்மாளு என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தது நாம்தானே. அண்ணன் அந்த ரெக்கார்டை அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டார், உடைக்கவில்லை. 2003 நவம்பரில் கேப் டவுனில் மண்டேலாவின் சிறை எண்ணான 46664 பெயரில் எய்ட்ஸுக்காக நடந்த கச்சேரியில் பிரயன் மேயும் ரோஜர் டெய்லரும் வாசித்தார்கள். அதற்குப் பிறகுதான் அதை எடுத்துத் தூசி தட்டினார்.

ஆகவே மச்சானின் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். அவருடைய கணக்குத்தான் உதைக்கிறது. சன் சிட்டிக்கு வந்தபோது அவர்கள் கையில் இருந்த புது ஆல்பத்தின் பாட்டே பிரேக் ஃப்ரீதான். அதே பயணம், அதே வாய். தள்ளி வைப்பதென்றால் இரண்டையும் தள்ளி வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் வராண்டாவில் உட்கார வைத்து இன்னொன்றை வாசலிலேயே நிறுத்துவது நியாயமா?

நீங்கள் இருவரும் பேசாமல் இருப்பதும் புதிதில்லை. போஹீமியன் ரெக்கார்டின் மறுபக்கத்தில் ரோஜர் டெய்லர் கார் மீதான காதலைப் பற்றி எழுதிய பாட்டு இருந்தது. இந்தப் பக்கத்துக்காக வாங்கினாலும் அந்தப் பக்கப் பாட்டை எழுதியவருக்கும் அதே காசு. அதில் அவர்களுக்குள்ளேயே மனக்கசப்பு. 1989-இல் வந்த ஆல்பத்தில், எல்லாப் பாட்டும் குயீன் எழுதியது என்று பொதுவாகப் போட்டுத் தகராறை முடித்தார்கள்.

தீர்ப்பு: போஹீமியன். பன்னி மச்சான் செலவு. ஆனால் எல்.எம். ரேடியோ புளுகுக்கு நீங்களும் தண்டம் கட்ட வேண்டும், நாலாம் சனிக்கிழமை முதல் ஆளாக அங்கே போய் உட்காருங்கள். எனக்குக் குவார்ட்டர் மட்டன், அதாவது கால் ரொட்டி பன்னி, போதும், கேரட் சம்பல் தனியாக.