காலத்தைச் சுமப்பது எந்தச் சொல்?

கேள்வி: ‘ஹி வென்ட்’ என்றால் ‘அவன் போனான்’ என்று பொருள். அதையே கேள்வியாக்கும்போது ‘டிட் ஹி கோ?’ என்கிறார்கள். நடந்து முடிந்ததைத்தானே கேட்கிறோம். பிறகு ‘வென்ட்’ ஏன் ‘கோ’ ஆகிவிடுகிறது? ‘டிட் ஹி வென்ட்?’ என்று எழுதி ஒவ்வொரு முறையும் மதிப்பெண்ணை இழக்கிறேன்.

பதில்: இதற்கான விடை உங்கள் வாயிலேயே இருக்கிறது. ‘அவன் போகத்தான் செய்தான், நீங்கள்தான் கவனிக்கவில்லை’ என்று நாம் அன்றாடம் பேசுகிறோம் அல்லவா? அந்த வாக்கியத்தை நிறுத்திப் பாருங்கள். ‘போனான்’ என்ற ஒரே சொல்லில் இருந்த பொருள் இரண்டாகப் பிரிந்து, போதல் என்னும் செயல் ‘போக’ என்ற எச்சத்தில் தங்கிவிட, இறந்தகாலத்தை ‘செய்தான்’ வாங்கிக்கொள்கிறது. ‘போனான்தான் செய்தான்’ என்று பேசப் பழகும் குழந்தைகூடச் சொல்வதில்லை. காலத்தை ஒரு சொல் சுமந்துவிட்டால் மற்றது சுமக்கத் தேவையில்லை என்பது நமக்குச் சொல்லித் தராமலே தெரியும்.

ஆங்கிலத்தின் ‘டூ’வும் ‘செய்’ என்ற பொருளுடைய சொல்தான், வேலையும் அதே வேலைதான். ‘ஹி டிட் கோ’ என்று அழுத்திச் சொன்னால் அது அப்படியே நம் ‘போகத்தான் செய்தான்’. நாம் அழுத்தத்துக்கு மட்டும் வைத்துக்கொண்ட இந்த முறையை ஆங்கிலம் கேள்விக்கும் எதிர்மறைக்கும் சேர்த்தே பயன்படுத்துகிறது, வேறுபாடு அவ்வளவே. ‘ஹி கோஸ்’ என்பதைக் கேள்வியாக்கும்போது ‘டஸ் ஹி கோ?’ என்று வருவதைக் கவனியுங்கள்: ‘கோஸ்’ என்பதன் கடைசியில் இருந்த ஒலி ‘டஸ்’ஸுக்குத் தாவிவிட, ‘கோ’ வெறுங்கையோடு நிற்கிறது.

‘இஸ்’, ‘வாஸ்’, ‘கேன்’, ‘வில்’, ‘ஹேஸ்’ போன்ற துணைவினை முன்பே இருக்குமானால் ‘டூ’வை அழைக்க வேண்டியதில்லை, இருப்பதையே முன்னால் நகர்த்தினால் போதும். ‘யார் போனது?’ என்று எழுவாயையே கேட்கும்போதும் ‘ஹூ வென்ட்?’ என்றுதான் வரும், ‘டிட்’ வராது. ஷேக்ஸ்பியர் காலத்தில், அதாவது 16, 17-ஆம் நூற்றாண்டுகளில், முதன்மை வினையையே முன்னால் போட்டுக் கேட்பதும் ‘டிட்’ சேர்த்துக் கேட்பதும் அருகருகே வழங்கின, பிந்தியது நிலைத்துவிட்டது. முந்தியது நிலைத்திருந்தால் உங்கள் மதிப்பெண் தப்பியிருக்கும்.

கேள்வி: ‘அவர் நேற்று வந்திருக்கிறார்’ என்பதை ‘ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே’ என்று எழுதினேன். சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும் தவறு என்கிறார்கள்.

பதில்: ‘ஹேஸ்’ நிகழ்கால வடிவம். வந்ததன் விளைவு இப்போதும் நிற்கிறது என்பதே அதன் பொருள் என்பதால், ‘யெஸ்டர்டே’, ‘இன் 2010’ போன்று முடிந்துபோன நேரத்தைச் சுட்டும் சொற்களோடு அது ஒட்டாது. நேற்று என்று குறிப்பிட்டுவிட்டால் ‘ஹி கேம் யெஸ்டர்டே’ என்பதே முறை. ‘எப்போது வந்தீர்கள்?’ என்பதும் அப்படியே: ‘வென் டிட் யூ கம்?’ என்று கேட்க வேண்டுமே தவிர, ‘வென் ஹேவ் யூ கம்?’ என்று கேட்கக் கூடாது.

தமிழில் மட்டும் எப்படி ஒட்டுகிறது என்றால், நம் ‘இருக்கிறார்’ அந்த இடத்தில் வேறு வேலை செய்கிறது. காலையில் எழுந்து ஈரத் தரையைப் பார்த்து ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். பெய்ததை நாம் பார்க்கவில்லை, அடையாளத்தைக் கொண்டு அறிந்தோம். உங்கள் வாக்கியத்திலும் அவர் வந்ததை நீங்கள் பிறகுதான் தெரிந்துகொண்டீர்கள் என்ற குறிப்பு இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘ஹேஸ்’ அந்தக் குறிப்பைத் தராது. அது வேண்டுமென்றால் ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட்’ என்பது போல வேறு வழியில்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: ‘டூ யூ நோ வேர் இஸ் ஹி?’ இது சரியா?

பதில்: சரியில்லை, ‘டூ யூ நோ வேர் ஹி இஸ்?’ என்று எழுதுங்கள். ‘அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியுமா?’ என்பதில் ‘ஆ’ என்னும் வினா எழுத்து ‘தெரியும்’ என்பதோடு மட்டும் சேர்கிறது. ‘இருக்கிறார்’ சாதாரண முற்றாகவே இருக்கிறது. ஆங்கிலத்திலும் இடமாற்றம் முதலில் ஒரு முறைதான். ஆனால் ‘அவர் வந்தாரா என்று தெரியுமா?’ என்பதில் நமக்கு இரண்டு ‘ஆ’ வரும். ஆங்கிலத்தில் உள்ளிருக்கும் ‘ஆ’வுக்கு ‘இஃப்’ போட்டு, ‘டூ யூ நோ இஃப் ஹி கேம்?’ என்று முடித்துவிட வேண்டும்.