ரோவிங் மெஷின்ல லிவர எதுல வைக்கிறது?

கேள்வி: அக்கா, எங்க கொண்டோ ஜிம்ல ஃபேன் வச்ச ரோவிங் மெஷின் இருக்கு, எல்லாரும் லிவர 10ல வச்சுத்தான் இழுக்கிறாங்க, நானும் அப்படியே செஞ்சா இடுப்பு பிடிச்சுக்குது. எதுல வைக்கட்டும்?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: 10 வேணாம் தம்பி, 3லேர்ந்து 5க்குள்ள வைங்க. அந்த லிவர் ஃபேன் கூண்டுக்குள்ள எவ்வளவு காத்து போகணும்னுதான் முடிவு பண்ணுது, கால நல்லா ஊனி வேகமா தள்ளினா 4லயே மூச்சு வாங்கிடும், 10ல ஃபேன் வேகம் சட்டுனு குறையறதால ஒவ்வொரு தடவையும் புதுசா பாரம் தூக்கற மாதிரி ஆயி இடுப்புல வந்து நிக்குது. கூண்டுல தூசி அடைச்சிருந்தா அதே 4 லேசா தெரியும், அதனால கான்செப்ட்2 கம்பெனி மெஷினா இருந்தா மானிட்டர்ல மோர் ஆப்ஷன்ஸ் போயி டிராக் ஃபேக்டர், அதாவது காத்து ஃபேன எவ்வளவு தடுக்குதுங்கற அளவ பாருங்க, நாலு இழுப்புல நம்பர் வந்துடும், 110 – 130 இருந்தா போதும். வலி விடலன்னா நிறுத்திட்டு டாக்டர பாருங்க.