'ரௌஸ்', 'அரௌஸ்', 'ஸ்டிமுலேட்': எதை எங்கே போடுவது?

"தலைவரின் பேச்சு தொண்டர்களைத் தட்டியெழுப்பியது" என்பதை ஆங்கிலத்தில் எழுத 'அரௌஸ்டு' (aroused) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 'அரௌஸ்' செய்யப்படுவது ஆள் என்றால் பாலுணர்வுப் பொருள் முந்திக்கொள்ளும். சந்தேகம், ஆர்வம், கோபம் ஆகியவற்றுக்கு அது சரி. ஆட்களுக்கு 'ரௌஸ்டு' (roused) போடுங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பவும் அதுவே.

'ஸ்டிமுலேட்' பசிக்கும் பொருளாதாரத்துக்கும் விவாதத்துக்கும் பொருந்தும். லத்தீனில் 'ஸ்டிமுலஸ்' என்றால் மாட்டைக் குத்தி ஓட்டும் தார்க்குச்சிதான். 'கால்வனைஸ்' இன்னும் வேகமானது. செத்த தவளையின் கால் மின்சாரத்தில் துடித்ததை 1791இல் எழுதி வெளியிட்ட இத்தாலியர் லூயிஜி கால்வானியின் பெயரிலிருந்து வந்த சொல். சோம்பிக் கிடந்த கூட்டம் சட்டென்று களத்தில் இறங்கினால் இதைப் போடலாம். பின்னால் 'இன்டு ஆக்‌ஷன்' சேர்ப்பது வழக்கம்.

'இன்சைட்' (incite) பெரும்பாலும் கலவரத்தையும் வன்முறையையும் தூண்டிவிடுவதற்குத்தான். ஆசிரியர் படிக்கத் தூண்டினார் என்றால் 'மோட்டிவேட்'.

பலரும் வழுக்கி விழும் இடம் 'எனர்வேட்'. ஓசையைக் கேட்டு 'எனர்ஜைஸ்' என்று நினைத்துவிடுகிறார்கள். பொருளோ நேரெதிர்: வலுவை உறிஞ்சிவிடுவது. காபி உங்களை 'எனர்வேட்' செய்தது என்று எழுதினால், குடித்ததும் துவண்டுபோனீர்கள் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். பச்சைத்தண்ணீர்க் குளியல் தரும் தெம்புக்கு 'இன்விகரேட்'.