ஃபார்முலா ஈ ஓட்டுநரின் தொழில் உண்மையில் எப்படிப்பட்டது? வன்னியில் வளரும் பிள்ளைக்கு அது எட்டுமா?

கேள்வி கேட்டவர் தன் மகனுக்குப் பதினொரு வயது என்றும், டிவியில் ஃபார்முலா ஈ என்ற மின்சாரக் கார் ரேஸ் பார்த்துவிட்டு "நானும் இதைத்தான் ஓடப்போறன்" என்று நிற்கிறான் என்றும் எழுதியிருக்கிறார். என் அக்காவின் மகனுக்கும் அதே பைத்தியம்தான், அதனால் பதில் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. கிளிநொச்சியில் வாகன வயரிங் வேலை செய்கிறேன். ரேஸ் கார் ஒன்றைக் கிட்ட நின்று பார்த்தது கிடையாது. 2014 செப்டெம்பரில் பெய்ஜிங்கில் முதல் போட்டி நடந்ததிலிருந்து விடாமல் பார்க்கிறேன், அவ்வளவுதான். கரண்டில் ஓடுகிறது என்றால் எனக்கு அது தொழில் பாசம்.

பெடலை அமத்திப் பிடித்தால் வெல்லலாம் என்றுதான் பையன்கள் நினைக்கிறார்கள். அந்த ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுப்பது பெடலில் இருந்து காலை எப்போது எடுக்க வேண்டும் என்று தெரிந்ததற்குத்தான். 2023 இல் வந்த மூன்றாம் தலைமுறைக் காரின் பற்றரியில் பாவிக்கக்கூடியது ஏறத்தாழ 38 யூனிட். மின்சார பில்லில் வருகிற அதே யூனிட்தான். ஒரு மின்விசிறி, நாலு பல்பு, ஒரு டிவி உள்ள வீடு ஒரு மாதம் ஓட்டிவிடும். இவர்கள் அதை வைத்துக்கொண்டு மணிக்கு 300 கிலோமீட்டருக்குக் கிட்டப் போகக்கூடிய காரை முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். எப்படிக் காணும்? காணாது. போட்டியில் செலவாகும் கரண்டில் கிட்டத்தட்ட 40 வீதம் பிரேக் பிடிக்கும்போது காரே திரும்ப எடுத்துக்கொள்வது.

இது எங்கள் வயதுக்காரருக்குப் புதுச் சங்கதி இல்லை. தொண்ணூறுகளில் மல்லாவியில் இருந்தபோது கரண்டும் இல்லை, பற்றரியும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லில் சாய்த்து, டயோட்டு வைத்து ரேடியோவுக்குக் கொளுவுவோம். அப்பா செய்தி கேட்பார், பெடலைக் கையால் சுற்றுவது நான். சும்மா சுற்றும்போது லேசாகப் போகும். ரேடியோவோடு சின்ன பல்பு ஒன்றையும் சேர்த்துக் கொளுவினால் உடனே கை கனக்கும், சில்லு இழுபடும். அந்தக் கனம்தான் இவர்களின் பிரேக். மோட்டாரையே டைனமோவாக்கிவிடுகிறார்கள், சில்லு இழுபட்டுக் கார் வேகம் குறைய, கரண்ட் பற்றரிக்குள் போகிறது. அந்த 2023 காரின் பின் சில்லுகளுக்கு வழக்கமான எண்ணெய் பிரேக்கே வைக்கவில்லை. முழுக்க மோட்டார்தான்.

ஆகவே நல்ல ஓட்டுநர் வளைவு வருவதற்கு முன்பே காலை எடுத்து, காரை அதன் பாட்டில் உருள விட்டு, பிறகு பிரேக் பிடிப்பார். கூட உருள விட்டால் பின்னால் வருபவர் முந்திவிடுவார். குறைய விட்டால் கடைசிச் சுற்றில் பற்றரி இருக்காது. அப்புறம் காற்று. சோளகக் காற்றில் புதுக்குடியிருப்பு றோட்டால் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும், ஒருவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் பாதிப் பாரம் இல்லை. இவர்களும் அப்படித்தான், சில ஓடுபாதைகளில் முதலாவதாகப் போக ஒருவருக்கும் விருப்பம் இருக்காது. ரேஸில் முன்னுக்குப் போக மனமில்லாத கூட்டத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை.

இன்னொன்று. ஓடும்போது காரின் கணக்கெல்லாம் தானாகக் குழுவினரின் கணினிக்குப் போவதில்லை. எத்தனை வீதம் மிச்சம் என்பதை ஓட்டுநரே வானொலியில் சொல்ல வேண்டும், அதுவும் எதிராளி கேட்பான் என்று பல நேரம் குறிச்சொல்லில். சுவர்களுக்கு நடுவே பறந்துகொண்டு மனக்கணக்கும் போட வேண்டும்.

கணக்குப் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2021 ஏப்ரலில் வலென்சியாவில் நடந்ததைப் பாருங்கள். மழை. விபத்துகளால், எல்லோரையும் மெதுவாகப் போக வைக்கும் பாதுகாப்புக் கார் திரும்பத் திரும்ப உள்ளே வந்தது. மெதுவாக ஓடிய நேரத்துக்கு ஈடாக ஒவ்வொரு முறையும் எல்லோருடைய கரண்ட் அளவிலும் ஒரு பங்கைக் கழித்தார்கள், அதுதான் விதி. முன்னால் போன அன்டோனியோ ஃபெலிக்ஸ் ட கொஸ்டா போட்டிக்கு அப்போது இருந்த நேர எல்லை முடிய ஒருசில விநாடி இருக்கும்போதே கோட்டைத் தாண்டிவிட்டார், அதனால் எல்லோருக்கும் ஒரு சுற்றுக் கூடிப்போனது. பெரும்பாலானவர்களிடம் அதற்குக் கரண்ட் இல்லை. உலகின் நல்ல ஓட்டுநர்கள், பெற்றோல் முடிந்த மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது போல ஊர்ந்தார்கள். மிச்சம் வைத்திருந்த நிக் டி விரீஸ் வென்றார், அந்த வருட உலகப் பட்டமும் அவருக்கே.

தொழில் என்று கேட்டீர்கள் அல்லவா, அதே டி விரீஸின் கதையை மகனுக்குச் சொல்லுங்கள். 2022 இல் மொன்ஸாவில், சுகயீனமான ஒருவருக்குப் பதிலாகத் திடீரென்று ஃபார்முலா ஒன் காரில் ஏறி ஒன்பதாவதாக வந்தார். அடுத்த வருடம் முழுநேர இடம் கிடைத்தது. பத்துப் போட்டியோடு இறக்கிவிட்டார்கள். திரும்ப ஃபார்முலா ஈக்கு வந்து மஹிந்திரா அணிக்கு ஓடினார். மறுபக்கம் ஜான் எரிக் வேர்ன்: ஃபார்முலா ஒன்னில் 2014 முடிவில் இடம் போனது, இங்கே வந்து இரண்டு பட்டம் எடுத்தார், 2023 இல் ஹைதராபாத்தில் நடந்த போட்டியையும் வென்றார். மொத்தமே 20, 22 இருக்கைதான். பட்டம் வென்றவருக்கும் அடுத்த வருட ஒப்பந்தம் நிச்சயமில்லை. போட்டி இல்லாத நாட்களில், கணினியில் ஓட்டிப் பழகும் சிமுலேட்டருக்குள் கிடப்பார்கள். பயிற்சி, தகுதிச் சுற்று, போட்டி எல்லாம் பெரும்பாலும் ஓரிரு நாளில் முடிந்துவிடுவதால் போய்ப் பழக நேரம் இல்லை.

எட்டுமா என்பதற்கு வருகிறேன். ஏழெட்டு வயதில் கோ-கார்ட் என்ற சின்ன ரேஸ் வண்டி, பதினைந்தில் ஃபார்முலா நான்கு என்ற தொடக்க நிலைக் கார், பிறகு மூன்று, இரண்டு. ஏறக்குறைய எல்லோரும் வந்த வழி இதுதான். நம் நாட்டில் கார்ட் ஓட்ட பண்டாரகமவுக்குப் போக வேண்டும், கிளிநொச்சியில் இருந்து ஒரு நாள் பயணம். ஃபார்முலா நான்கு ஒரு பருவம் ஓட இலங்கைக் காசில் கோடிகள் வேண்டும். முதல் பருவத்தில் மஹிந்திராவுக்கு ஓடிய கருண் சந்தோக் சென்னைக்காரர்தான், ஆனால் அவருடைய தகப்பனாரும் ரேஸ்காரர். எங்களிடம் இருப்பது மாட்டுவண்டிச் சவாரி. அதில் துள்ளும் பெடியன்களைப் பார்த்தால் துணிச்சலுக்குக் குறைவில்லை என்று சொல்வேன், காசுக்குத்தான். பொய் சொல்லி ஆசை காட்ட எனக்கு மனமில்லை. ஆனால் ஓட்டுநர் ஒருவருக்குப் பின்னால் பற்றரி, மோட்டார், மென்பொருள் என்று வேலை செய்பவர்கள் எத்தனையோ பேர், அந்தப் பக்கத்துக்குக் கணிதமும் பௌதிகவியலும் போதும்.

என் மருமகனுக்கு இதையெல்லாம் சொன்னபோது, "என்ன மாமா, ரேஸைக் கேட்டால் நீங்கள் பிரேக்கைப் பற்றியே கதைக்கிறியள்" என்றான். சரி என்று என் மின்சார ஸ்கூட்டியைக் கொடுத்து, முறிகண்டிக்குப் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வா, எத்தனை வீதம் மிச்சம் என்று பார்ப்போம் என்றேன். முதல் தடவை 22 வீதத்தோடு வந்தான். மறுகிழமை ஸ்கூட்டியை வாசலில் நிறுத்தும்போதே கத்தினான், "மாமா, 47!"

எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்டேன். ஆள் பதில் சொல்லவில்லை. பின்னேரம் அக்காதான் சொன்னா, வழியில் ஒரு உழவு இயந்திரம் இவனை முந்திக்கொண்டு போனதாம்.