அடுக்கைக் கூட்டும் முன் குறியைப் பாருங்கள்

கேள்வி: 2³ × 2⁴ = 2⁷ என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பெருக்கும்போது ஏன் கூட்டுகிறோம், 2¹² தானே வர வேண்டும் என்கிறாள் எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள்.

பதில்: கெட்டிக்காரப் பெண். விதியை மறந்துவிட்டு விரித்து எழுதச் சொல்லுங்கள் அம்மா: (2×2×2) × (2×2×2×2). எண்ணினால் ஏழு இரண்டுகள். 8 × 16 = 128; 2⁷-உம் அதுவே. அவள் சொல்லும் 12 வேறோர் இடத்தில் வரும்: (2³)⁴. அங்கே மும்மூன்று இரண்டுகளாக நான்கு கட்டுகள். அடிமானம், அதாவது கீழே பெரிதாக எழுதும் எண், ஒன்றாக இருந்து, நடுவில் பெருக்கல் குறியும் இருந்தால்தான் மேலே சிறிதாக எழுதும் அடுக்குகளைக் கூட்டலாம்.

கேள்வி: 2³ + 2⁴ = 2⁷ சரியா?

பதில்: தவறு. 8 + 16 = 24. குறியைப் பாருங்கள்.

கேள்வி: 2³ × 5³ = 10⁶ தானே ஐயா?

பதில்: 10³. அடிமானங்கள் வேறு, அடுக்கு ஒன்று. ஆகவே அடிமானங்களைப் பெருக்கிவிட்டு அடுக்கைத் தொடாதீர்கள். 8 × 125 = 1000.

கேள்வி: 5⁰ எப்படி 1 ஆகும்? ஐந்தே இல்லையென்றால் 0 தானே?

பதில்: 5³, 5², 5¹ என்று இறங்குங்கள்: 125, 25, 5. ஒவ்வொரு படியிலும் ஐந்தால் வகுக்கிறோம். அடுத்த படி 1. இன்னும் இறங்கினால் 1/5, பிறகு 1/25. எனவே 5⁻² என்பது 1/25, −25 அல்ல. அடுக்கில் உள்ள கழித்தல் குறி எண்ணை எதிர்மமாக்காது. விடைத்தாள்களில் நான் அதிகம் சிவப்பு மை செலவழித்த இடம் இது.

கேள்வி: அப்படியானால் 0⁰-உம் 1 தானே?

பதில்: அந்தப் படிக்கட்டில் இங்கே இறங்க முடியாது. ஒவ்வொரு படிக்கும் 0-ஆல் வகுக்க வேண்டியிருக்கும். 1821-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி இதைத் தேறப்பெறாத வடிவங்களின், அதாவது இன்ன மதிப்பு என்று உறுதியாகச் சொல்ல முடியாதவற்றின், பட்டியலில் சேர்த்தார்.

மறுப்பு: பைத்தான் என்ற கணினி மொழியில் 0⁰-க்கு 1 என்றே வருகிறது. நீங்கள் பழைய காலத்திலேயே நிற்கிறீர்கள்.

பதில்: நிற்கவில்லை, தம்பி. உங்கள் கட்சிக்கு நானே சான்று தருகிறேன். (3 + 0)²-ஐ ஈருறுப்புத் தேற்றத்தால் விரித்தால் 3²×0⁰ + 2×3×0 + 0². இடப்பக்கம் 9. வலப்பக்கமும் 9 ஆக 0⁰ = 1 என்று கொண்டே ஆக வேண்டும். 1992-இல் கணினி அறிவியலாளர் டொனால்டு நூத் 1 என்றே வாதிட்டார். ஆனால் எக்செல் 0⁰-க்குப் பிழை என்கிறது.

மறுப்பு: ஒரு கணக்குக்கு இரண்டு விடையா?

பதில்: இது விடையல்ல, வரையறை. எத்தனை வழிகளில் தேர்ந்தெடுக்கலாம் என்று எண்ணும் சேர்மானக் கணக்கில் 1 என்று வைத்தால் சூத்திரங்கள் சீராக நடக்கும். எல்லைக் கணக்கில், அடிமானமும் அடுக்கும் 0-ஐ நெருங்கும்போது அப்படி வைத்தால் ஏமாறுவீர்கள். பள்ளித் தேர்வில் உங்கள் புத்தகம் சொல்வதை எழுதுங்கள்.

கேள்வி: −2² என்பது 4 தானே? எக்செல் 4 காட்டுகிறது.

பதில்: −4. எக்செல் கழித்தல் குறியை முதலில் சேர்த்துக்கொள்ளும். அது அதன் வழக்கம். 4 வேண்டுமென்றால் (−2)² என்று அடைப்புப் போடுங்கள்.

கேள்வி: 3² + 3³ = 3⁵?

பதில்: குறி! குறி! 9 + 27 = 36. கூட்டல் குறியோடு இனி வரும் கேள்விகளுக்குப் பதில் கிடையாது.

கேள்வி: பயிற்சிக் கணக்குகள் பத்தையும் போட்டுத் தருவீர்களா?

பதில்: மாட்டேன்.

கேள்வி: 10⁸ ÷ 10² = 10⁴ சரிதானே?

பதில்: எட்டை இரண்டால் வகுத்துவிட்டீர்கள். கழிக்க வேண்டும்: 10⁶. பத்துக் கோடியை நூறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குப் பத்து லட்சம்.