குட்டி நவூருவுக்கு 15 பதக்கம் எப்படி? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

காமன்வெல்த் போட்டிகளில் சின்ன நாடுகள் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பசிபிக் கடலின் நவூருவைப் பற்றியவை. அவற்றை மட்டும் இம்முறை சேர்த்துப் பதில் சொல்கிறோம்.

2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் நவூரு 15 பதக்கம் வென்றதாகப் படித்தேன். மொத்த ஜனத்தொகையே 12 ஆயிரம் சொச்சம்தானே? அச்சுப் பிழையா?
– எஸ்.ஆர்., திண்டுக்கல்

பிழை இல்லை. 2 தங்கம், 5 வெள்ளி, 8 வெண்கலம். பதினைந்துமே பளுதூக்குதலில் வந்தவை. ஆனால் அன்றைய கணக்கு முறை தெரியாமல் இந்த எண்ணைப் படித்தால் தப்பாகப் புரியும்.

பளுதூக்குதலில் இரண்டு வகைத் தூக்கு. தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவது ஸ்னாட்ச். முதலில் தோளுக்கு ஏற்றி, பிறகு தலைக்கு மேல் தள்ளுவது கிளீன் அண்ட் ஜெர்க். 2002 வரை காமன்வெல்த்தில் ஸ்னாட்சுக்குத் தனிப் பதக்கம், கிளீன் அண்ட் ஜெர்க்குக்குத் தனிப் பதக்கம், இரண்டையும் கூட்டி வரும் மொத்த எடைக்கு இன்னொரு பதக்கம். ஒருவர் ஒரே நாளில் மூன்று பதக்கத்தோடு திரும்பலாம். மான்செஸ்டரில் மார்கஸ் ஸ்டீபன் வென்ற 3 வெள்ளியும் அப்படி வந்தவை. 75 கிலோவுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் ரியானா சாலமன் 2 தங்கம் வென்றதும் அப்படித்தான். 2006 மெல்போர்னிலிருந்து மொத்த எடைக்கு மட்டுமே பதக்கம்.

அதனால் நவூருவின் 2002 எண்ணிக்கையை அதன் 2010 எண்ணிக்கையோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. 'தலைக்கு இத்தனை பதக்கம்' என்று சுற்றிவரும் பட்டியல்களிலும் இதே கோளாறு உண்டு. இதனால் அந்தப் பதக்கங்களின் மதிப்பு குறைந்துவிடாது. அதே மூன்று வாய்ப்பு இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தியாவுக்கும் இருந்தது.

மார்கஸ் ஸ்டீபன் ஒலிம்பிக்கில் சமோவாவுக்கு ஆடினார் என்கிறார்கள். பிறகு நவூரு ஜனாதிபதியும் ஆனாராம். இரண்டும் ஒரே ஆள்தானா?
– வாசகி, காரைக்குடி

ஒரே ஆள்தான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பள்ளியில் படிக்கும்போது பளுதூக்குதலுக்கு வந்தவர். 1990 ஆக்லாந்து காமன்வெல்த் போட்டியில் 60 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் தங்கமும் 2 வெள்ளியும் வென்றார். காமன்வெல்த்தில் நவூரு கலந்துகொண்டதே அந்த ஆண்டுதான் முதல்முறை. ஆனால் அப்போது நவூருவுக்கு அங்கீகாரம் பெற்ற ஒலிம்பிக் கமிட்டி கிடையாது. கமிட்டி இல்லாத நாட்டின் பெயரில் ஒலிம்பிக்கில் யாரும் இறங்க முடியாது. எனவே சமோவா குடியுரிமை பெற்று 1992 பார்சிலோனாவில் அந்த நாட்டுக்காகத் தூக்கினார். 1994இல் நவூருவின் கமிட்டிக்கு அங்கீகாரம் கிடைத்தது. 1996 அட்லாண்டாவுக்கு நவூரு முதல்முறையாக அணி அனுப்பியது. அணியில் மூன்று பேர், மூவரும் பளுதூக்குபவர்கள், அவர்களில் ஸ்டீபனும் ஒருவர்.

1994 கனடாவின் விக்டோரியா நகரில் 3 தங்கம், 1998 கோலாலம்பூரில் 3 தங்கம். நான்கு காமன்வெல்த் போட்டிகளில் மொத்தம் 7 தங்கம், 5 வெள்ளி. 2003இல் நாடாளுமன்ற உறுப்பினர். 2007 டிசம்பர் முதல் 2011 நவம்பர் வரை ஜனாதிபதி.

ஓட்டம், நீச்சல் என்று எத்தனையோ இருக்க, பளுதூக்குதலை ஏன் பிடித்தார்கள்?
– பி.கே., நாகர்கோவில்

நவூரு மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். பாஸ்பேட் வெட்டி எடுத்த பிறகு தீவின் நடுப்பகுதி கூர்கூரான சுண்ணாம்புப் பாறைகளாக நிற்கிறது. ஜனங்கள் கடலோரப் பட்டையில் குடியிருக்கிறார்கள். 400 மீட்டர் ஓடுதளத்துக்கும் 50 மீட்டர் நீச்சல் குளத்துக்கும் இடம் ஒதுக்குவதே பெரிய வேலை. பளுதூக்குதலுக்கு 4 மீட்டருக்கு 4 மீட்டர் மேடை, ஒரு பார் (இரும்புத் தண்டு), அதில் மாட்டும் எடைத் தட்டுகள் இருந்தால் போதும். எதிராளி வேண்டாம், அணி வேண்டாம். எடைப்பிரிவு இருப்பதால் சின்ன உடல்வாகு கொண்டவருக்கும் இடம் உண்டு. 'இன்று 120 கிலோ தூக்கினேன்' என்றால் அது நவூருவிலும் லண்டனிலும் அதே 120 கிலோ. வெளிநாட்டுப் போட்டிக்குப் போகாமலே தன் நிலையை அறிந்துகொள்ள முடிகிற விளையாட்டுகள் மிகச் சில. தீவில் உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை.

கூடவே நல்ல பயிற்சியாளரும் அமைந்தார். ஆஸ்திரேலியாவின் பால் கோஃபா ஸ்டீபனுக்கு மட்டுமல்ல, பசிபிக் தீவுகளின் ஒரு தலைமுறைக்கே பயிற்சி கொடுத்தவர்.

எங்கள் ஊர் கடலோரம். சின்ன பளுதூக்கும் கூடம் தொடங்கும் எண்ணம். நவூரு போன்ற இடத்தில் சாமான்களை எப்படிப் பராமரிப்பார்கள்? எவ்வளவு வாங்க வேண்டும்?
– உடற்கல்வி ஆசிரியர், தூத்துக்குடி

முதலில் வாங்க வேண்டியது பார். ஆண்களுக்கு 20 கிலோ, 2.2 மீட்டர் நீளம், பிடி 28 மில்லிமீட்டர் தடிமன். பெண்களுக்கு 15 கிலோ, 2.01 மீட்டர், 25 மில்லிமீட்டர். இரண்டும் வேண்டும். ஆண்கள் பாரிலேயே பழகிய பெண்ணுக்குப் போட்டியில் பார் ஒல்லியாகவும் அதிகம் வளைவதாகவும் தெரியும். தூக்கின் நேரம் தப்பும்.

தட்டுகள்: சிவப்பு 25, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10 கிலோ. அதற்குக் கீழே சிறு தட்டுகள். தட்டு நழுவாமல் இறுக்கும் காலர் ஒன்று இரண்டரை கிலோ, ஜோடி 5 கிலோ. உதாரணத்துக்கு, ஆண்கள் பாரில் 150 கிலோ ஏற்ற வேண்டும். பார் 20, காலர் 5, போனால் மீதி 125. பக்கத்துக்கு 62.5: இரண்டு சிவப்பு, ஒரு பச்சை, ஒரு இரண்டரை கிலோ தட்டு. பல கூடங்களில் காலர் போடாமலே பழகிவிட்டு, கணக்கில் மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். அப்போது 150 என்று நினைத்துத் தூக்கியது உண்மையில் 145. போட்டி மேடையில் அந்த 5 கிலோ காட்டிக் கொடுத்துவிடும்.

உப்புக்காற்றில் முதலில் கெடுவது தட்டு மாட்டும் முனையின் உருளை. அது பாரின் மேல் தாராளமாகச் சுழல வேண்டும். துரு பிடித்துச் சிக்கினால், ஸ்னாட்சில் கை திரும்பும் நொடியில் தட்டுகளின் சுழற்சி நேராக மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் வரும். காயம் அங்கேதான் தொடங்கும். இன்னொரு காரணம் சாக்பவுடர். கைப்பிடியின் சொரசொரப்பில் தங்கும் பவுடர் ஈரத்தை உறிஞ்சி, இரும்போடு ஒட்டவைத்துக்கொள்ளும். தினமும் பயிற்சி முடிந்ததும் நைலான் பிரஷ்ஷால் பவுடரைத் தட்டி எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு பூச்சு. முனை உருளையின் இடுக்கில் வாரத்துக்கு இரண்டு மூன்று சொட்டு. பாரைத் தரையில் போட்டு வைக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள். ஒரே வகையில் இரண்டு புதுப் பார் வாங்குவதைவிட, வகைக்கு ஒன்றை வாங்கி ஒழுங்காகப் பராமரிப்பதே மேல்.

ஒரே ஒரு கோச்சோடு வரும் அணிக்குப் போட்டி நாளில் என்னதான் கஷ்டம்? தூக்குவது வீரர்தானே?
– எம்.ஜி., ஈரோடு

தூக்குவது வீரர்தான். ஆனால் எப்போது தூக்க வேண்டும் என்பது கோச்சின் கணக்கு. அந்தக் கணக்கு தப்பி வீணான தூக்குகள் ஏராளம்.

வீரரின் உடல் எடை பார்ப்பதிலிருந்து வருவோம். போட்டி தொடங்க 2 மணி நேரம் இருக்கும்போது எடை பார்க்கத் தொடங்குவார்கள், 1 மணி நேரம் நடக்கும். பிரிவின் எல்லையை 100 கிராம் தாண்டினாலும் ஏற்க மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் குறைத்துக்கொண்டு திரும்ப வரலாம். நவூருவிலிருந்து, 2022 காமன்வெல்த் நடந்த பர்மிங்ஹாமுக்குப் போகிறவருக்குக் கடிகாரம் 11 மணி நேரம் மாறுகிறது. நீண்ட விமானப் பயணத்தில் கால் வீங்கி உடலில் நீர் தங்கும். தூக்கம் கெட்டுப் பசி நேரம் தவறும். மூன்று நாள் முன்னால் வந்து இறங்கினால் எடையும் பலமும் இரண்டும் சொன்னபடி கேட்காது. மணிக்கணக்கில் வித்தியாசம் எவ்வளவோ அத்தனை நாள் முன்னதாக வந்துவிடுவது நல்லது. சின்ன நாடுகளின் பட்ஜெட்டில் முதலில் வெட்டு விழுவது இந்த நாட்களில்தான். அந்த வெட்டு தவறு என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

அடுத்தது ஆரம்ப எடை. அணியைப் பதியும்போது வீரர் தூக்கக்கூடிய மொத்த எடை என்று ஓர் எண் கொடுத்திருப்பார்கள். எடை பார்க்கும்போது ஸ்னாட்சுக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்குக்கும் சொல்லும் முதல் முயற்சிகளைக் கூட்டினால், அந்த எண்ணிலிருந்து 20 கிலோவுக்கு மேல் குறையக் கூடாது. 200 கிலோ என்று பதிந்திருந்தால், முதல் முயற்சிகள் இரண்டும் சேர்ந்து 180 ஆவது இருக்க வேண்டும். வலுவான குழுவில் இடம் பிடிக்கலாம் என்று பதிவு எண்ணைக் கூட்டிப் போட்டால், பாதுகாப்பாகத் தொடங்கும் வழி அடைபட்டுவிடும். ஸ்னாட்சில் கிடைக்கும் மூன்று முயற்சிகளும் தவறினால் மொத்தமே கிடையாது. அதோடு போட்டி முடிந்தது.

இப்போது பின்கூடம், அதாவது மேடைக்கு வரும் முன் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் இடம். பாரின் எடை ஏறிக்கொண்டே போகும், இறங்காது. குறைந்த எடை கேட்டவர் முதலில் வருவார். நம் வீராங்கனை 90 கிலோவில் தொடங்குகிறார், அவருக்கு முன் மேடையில் 12 முயற்சிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மேடையில் மூன்று முயற்சி நடந்தால் பின்கூடத்தில் ஒரு தூக்கு என்பது பழைய கணக்கு. 12 பாக்கி இருக்கும்போது 70 கிலோ, 9 இருக்கும்போது 76, 6க்கு 81, 3க்கு 85. திடீரென்று இரண்டு எதிராளிகள் தங்கள் எடையை 91க்கு மாற்றிக்கொண்டால், பாக்கி ஆறு என்று நினைத்தது இரண்டாகிவிடும். 81ஐயும் 85ஐயும் மூச்சு வாங்கக்கூட நேரமில்லாமல் முடித்துவிட்டு ஓட வேண்டும். மாறாக, யாராவது தவறவிட்டு அதே எடையைத் திரும்பக் கேட்டால் காத்திருப்பு நீளும். உடம்பு ஆறிவிடும். அப்போது 80க்கு இறக்கி இன்னொரு தூக்கு போட வைக்க வேண்டும்.

பெயர் கூப்பிட்டதும் கடிகாரத்தில் 1 நிமிடம். தன் முயற்சிக்குப் பின் உடனே தானே வந்தால் 2 நிமிடம். வெற்றிகரமான தூக்குக்குப் பிறகு தானாக 1 கிலோ கூடும். வேறு எடை வேண்டுமென்றால் முதல் 30 நொடிக்குள் சொல்ல வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு முயற்சிக்கும் இரண்டு முறை மாற்றலாம். அதையும் கடைசி 30 நொடி மணி அடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும். நேரம் போதாமல் தவிக்கும் கோச் 1 கிலோ ஏற்றிக் கேட்பது இதனால்தான். 90ஐ 91 ஆக்கினால், 90 கேட்டவர்களெல்லாம் முன்னால் போவார்கள். இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும்.

பெரிய அணியில் ஒருவர் பட்டியலைப் பார்த்து எண்ணுவார், ஒருவர் தட்டு மாற்றுவார், ஒருவர் அறிவிப்பு மேசையில் நிற்பார். சின்ன அணியில் மூன்றும் ஒரே ஆள். எண்ணுவதற்கு மட்டுமாவது அண்டைத் தீவு அணியின் கோச்சிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது புத்திசாலித்தனம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நவூருவிலிருந்து பளுதூக்க யாருமே வரவில்லையே?
– கல்லூரி மாணவர், கோவை

வரவில்லை. வந்தது ஒரே ஒருவர், 100 மீட்டர் ஓட்டத்தில் வின்சார் ககியூவியா. தீவில் பளுதூக்குதல் செத்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் 76 கிலோ பிரிவில் மாக்சிமினா உய்பா வெண்கலம் வென்றார். அடைபட்டது ஒலிம்பிக்கின் வாசல். ரியோவில் பளுதூக்குதலுக்கு 260 இடங்கள், 15 பிரிவுகள். டோக்கியோவில் 196 இடங்கள், 14 பிரிவுகள். பாரிஸில் 120 இடங்கள், 10 பிரிவுகள். ஒரு பிரிவில் 12 பேர். அவர்களில் 10 பேர் தரவரிசையில் வருகிறவர்கள், ஓர் இடம் கண்டத்துக்கு, மிச்சமிருப்பது ஒன்று. ஊக்கமருந்து விவகாரங்களால் நம்பிக்கை இழந்த விளையாட்டின் இடங்களைக் குறைத்தார்கள். அந்தக் குறைப்பில் அதிகம் இழந்தது, நீண்ட தகுதிச் சுற்றுப் பயணங்களுக்குக் காசில்லாத சின்ன நாடுகள். தண்டனை தப்பான வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

தடகளத்தில் வழி இன்னும் திறந்திருக்கிறது. தகுதி பெற்றவர் யாரும் இல்லாத நாடு, தன் சிறந்த ஓட்டக்காரரை 100 மீட்டர் போன்ற சில பந்தயங்களுக்குச் சிறப்பு இடத்தில் அனுப்பலாம். ஒலிம்பிக் 100 மீட்டரில் முதல் சுற்றுக்கும் முன்னதாக ஒரு தகுதிச் சுற்று நடப்பது இவர்களுக்காகத்தான்.

நவூரு வீராங்கனை ஒருவர் ஆஸ்திரேலியாவுக்கு மாறிவிட்டாரே, அனுமதி உண்டா?
– ஏ.வி., யாழ்ப்பாணம்

சரிஸ்மா அமோ-டாரன்ட் பற்றிக் கேட்கிறீர்கள். 2018 கோல்ட் கோஸ்டில் நவூருவுக்கு வெள்ளி. டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2022 பர்மிங்ஹாமிலும் ஆஸ்திரேலியாவுக்கு. பர்மிங்ஹாமில் வெண்கலம். குடியுரிமை இருந்தால் அனுமதி உண்டு. பழைய நாட்டுக்குக் கடைசியாக ஆடியதிலிருந்து மூன்று ஆண்டு இடைவெளி வேண்டும் என்பது ஒலிம்பிக்கின் பொது விதி. சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்தால் அதைக் குறைக்கவும் செய்யலாம். வீராங்கனையைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஸ்டீபனும் ஒருகாலத்தில் சமோவாவுக்குப் போனவர்தானே.

டெல்லி 2010இல் நவூரு தங்கம் வென்ற பிரிவில் நம் வேலூர்க்காரரும் இருந்தாரா?
– வாசகர், ராணிப்பேட்டை

இல்லை. டெல்லியில் 77 கிலோ பிரிவில் நவூருவின் யூக்கியோ பீட்டர் தங்கம் வென்றார். அதே 77 கிலோ பிரிவில் 2014 கிளாஸ்கோவில் தங்கம் வென்றவர் வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம்: ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ. 2018 கோல்ட் கோஸ்டில் 317 கிலோவோடு மறுபடியும் தங்கம். அந்த ஆண்டே சர்வதேச சம்மேளனம் எடைப்பிரிவுகளை மாற்றியதால் ஆண்களுக்கு 77 கிலோ பிரிவு இப்போது இல்லை.