நொட்டேஷன் எழுத எதற்குக் காசு, எதற்கு வேண்டாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பாட்டை நொட்டேஷனாக எழுதும் மென்பொருள் பற்றியவை. தேவாலயப் பாடகர் குழு, தமிழ்ப்பள்ளி, உறுமி மேளம் என்று கேட்டவர்கள் வேறு வேறு. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் குழுவின் பாடல்கள் இருநூறுக்கும் மேல் ஃபினாலே என்ற நொட்டேஷன் மென்பொருளில் இருக்கின்றன. அது நின்றுவிட்டதாம். மடிக்கணினியும் இழுத்துக்கொண்டிருக்கிறது. புதிதாக எந்த மென்பொருள் வாங்கலாம்? – பாடகர் குழுப் பொறுப்பாளர்

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். அந்த மடிக்கணினி உயிரோடு இருக்கும்போதே கோப்புகளை வெளியே எடுங்கள்.

1988-ல் வெளிவந்த ஃபினாலேயின் மேம்பாட்டை நிறுத்துவதாக மேக்மியூசிக் நிறுவனம் 2024 ஆகஸ்டு 26 அன்று அறிவித்தது. ஓராண்டுக்குப் பிறகு புதுக் கணினியில் நிறுவ அனுமதி கிடைக்காது என்றுதான் முதலில் சொன்னார்கள். எதிர்ப்பு வந்ததும், அனுமதிச் சேவை தொடரும் என்று மாற்றிக்கொண்டார்கள். ஆகவே கையில் இருப்பது இன்றும் ஓடும். ஆனால் அடுத்தடுத்து வரும் விண்டோஸுக்கும் மேக்குக்கும் ஏற்றபடி அதை இனி யாரும் திருத்தப்போவதில்லை.

ஃபினாலேயில் ஃபைல், எக்ஸ்போர்ட், மியூசிக்-எக்ஸ்எம்எல் (பல நொட்டேஷன் மென்பொருள்களும் திறக்கும் பொதுக் கோப்பு வடிவம்) என்று போனால் ஒரு பாட்டு வெளியே வரும். இருநூறையும் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டாம். அதே எக்ஸ்போர்ட் பட்டியலில் ‘டிரான்ஸ்லேட் ஃபோல்டர்’ என்று ஒன்று உண்டு, ஒரு கோப்புறையை அப்படியே மாற்றிக் கொடுக்கும். முக்கியமான பாடல்களுக்கு பிடிஎஃப் ஒன்றும் எடுத்து வையுங்கள். மாற்றியது சரியா என்று ஒப்பிட அது வேண்டும்.

சுரம், தாளம், பாடல் வரி, கோர்டு எல்லாம் மியூசிக்-எக்ஸ்எம்எல்லில் வந்துவிடும். பக்க அமைப்பும், கையால் இழுத்து நகர்த்தி வைத்த எழுத்துகளும், சொந்தமாக வரைந்த குறிகளும் கலைந்துபோகும். இருநூறையும் சரிபார்க்க நேரம் இல்லையென்றால் மூன்று வகைப் பாட்டை மட்டும் பாருங்கள்: முதல் முடிவு, இரண்டாம் முடிவு என்று திரும்ப வருவது, அரைகுறை பாரில் (முழுமையாகாத தாளக்கட்டில்) தொடங்குவது, மூன்று சரணம் உள்ளது. பிசகினால் பெரும்பாலும் இவற்றில்தான் பிசகும்.

அதன் பிறகு வேறு நொட்டேஷன் மென்பொருள்களின் இலவசப் பதிப்புகளில் முயன்று பாருங்கள். மியூஸ்ஸ்கோர் ஸ்டூடியோவுக்கு வரம்பே கிடையாது. டோரிகோவின் இலவசப் பதிப்பான எஸ்இ, 5-ஆம் பதிப்பிலிருந்து எட்டு வாசிப்பாளர்கள் வரை ஏற்கும். நான்கு குரலும் ஓர் ஆர்கனும் தாராளமாக அடங்கும். சிபேலியஸின் இலவசப் பதிப்பு நான்கு வாத்தியத்தோடு நின்றுவிடும். நான்கு குரலுக்குச் சரி, ஆர்கனைச் சேர்த்தால் இடமில்லை. உங்கள் குழுவுக்கு மியூஸ்ஸ்கோர் போதும் என்பது எங்கள் கருத்து. அச்சுக்குப் புத்தகமாகப் போடுகிறவர்கள் மட்டும் டோரிகோ ப்ரோவைப் பற்றி யோசிக்கலாம். ஃபினாலே வைத்திருப்பவர்களுக்கு 149 டாலருக்கு அதைத் தருவதாக அந்த அறிவிப்போடு ஒரு சலுகை வந்தது. வாங்கும் நாளில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும்போது 149-ஐ அப்படியே ரிங்கிட்டுக்கு மாற்றாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கும் மின்னியல் சேவைக்கு 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு சேவை வரி. அதைச் சேர்த்தால் ஏறத்தாழ 161 டாலர். வங்கியின் நாணயமாற்றுக் கட்டணம் அதற்கும் மேலே.

கேள்வி: மியூஸ்ஸ்கோர் இலவசம் என்கிறார்கள். தேடிப் போனால் சந்தா, அட்டை எண் என்று கேட்கிறது. கட்டத்தான் வேண்டுமா? – தமிழ்ப்பள்ளி ஆசிரியை

பதில்: வேண்டாம், டீச்சர். பெயர் ஒன்று, பொருள் இரண்டு. நொட்டேஷன் எழுதும் மென்பொருளின் பெயர் மியூஸ்ஸ்கோர் ஸ்டூடியோ. அது திறமூல மென்பொருள், முழுக்க இலவசம், முகவரி ‘ஓஆர்ஜி’ என்று முடியும். ‘காம்’ என்று முடிவது பிறர் எழுதிய இசைத்தாள்களைப் பகிரும் தளம், சந்தா அங்கேதான். கைப்பேசிச் செயலியும் அந்தத் தளத்தைச் சேர்ந்ததே. அதில் இசைத்தாளைப் பார்க்கலாம், கேட்கலாம். புதிதாக எழுத விண்டோஸோ மேக்கோ லினக்ஸோ உள்ள கணினி வேண்டும்.

ஏற்கெனவே இலவசச் சோதனைக் காலத்துக்கு அட்டை எண் கொடுத்திருந்தால், செயலியை அழித்தால் சந்தா நின்றுவிடும் என்று இருந்துவிடாதீர்கள். கைப்பேசி வழியாகச் சேர்ந்தவர்கள் கைப்பேசியின் செயலிக் கடையில் உள்ள சந்தாப் பட்டியலில் போய் ரத்து செய்ய வேண்டும்.

நிறுவும்போது மியூஸ் ஹப் என்று இன்னொன்றும் வரும். தரமான ஒலிகளை இறக்கித் தருவது அது. எல்லாவற்றையும் இறக்கினால் பல ஜிபி ஆகும். கைப்பேசி டேட்டாவை நம்பி இருப்பவர்கள் பியானோ, குழுக்குரல் இரண்டை மட்டும் எடுத்தால் போதும். அதுவும் இல்லாமலே பாட்டு ஒலிக்கும்.

கேள்வி: இணையச் சந்தையில் நொட்டேஷன் மென்பொருளின் ‘வாழ்நாள் உரிமம்’ 35 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கிறது. நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். பல நூறு டாலர் பெறும் மென்பொருளின் சாவி 35 வெள்ளிக்கு வந்தால் அது பூட்டை உடைத்த பிரதி, அல்லது ஒரே சாவியைப் பலருக்கு விற்றது. முதல் வகையை நிறுவ ‘வைரஸ் தடுப்பை அணைத்துவிடு’ என்பார்கள், அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் கட்டி ஏமாந்திருந்தால், விற்பவருக்கு மலேசிய முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி வழக்குப் பதியலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே விசாரிப்பார்கள், வக்கீல் வேண்டாம். விளம்பரப் பக்கத்தையும் பணம் கட்டிய ரசீதையும் படம் பிடித்து வையுங்கள். விற்பவர்கள் முதலில் அழிப்பது விளம்பரத்தைத்தான்.

கேள்வி: மியூஸ்ஸ்கோரில் தமிழ் வரிகள் சரியாக வரவில்லை. சில பாட்டில் கட்டம் கட்டமாக, சிலவற்றில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. முதல் சரணம் நன்றாக இருந்து இரண்டாம் சரணம் கெட்டுப்போவதும் உண்டு.

பதில்: இவை மூன்றும் தனித்தனிக் கோளாறுகள்.

ஆங்கில எழுத்தாக வருவது யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய பாட்டு. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருந்தவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு மாறியதும் வேடம் கலைந்துவிட்டது. எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, எழுத்துமாற்றிக் கருவியில் போட்டு யூனிகோடாக்கித் திரும்ப ஒட்டுங்கள். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் அசைகளுக்கு நடுவே இடைக்கோடும் இருந்தால் வரிகள் சுரங்களின் கீழ் ஒழுங்காக அமரும்.

கட்டம் வருவதற்குக் காரணம் எழுத்துரு. மியூஸ்ஸ்கோரின் இயல்பு எழுத்துருவான எட்வினில் தமிழ் இல்லை. கணினி தானாக ஒன்றைத் தேடிப் போடும், கிடைக்காத கணினியில் கட்டம். நீங்களே குறித்துவிடுங்கள்: ஃபார்மேட், ஸ்டைல், டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ். விண்டோஸில் நிர்மலா யுஐ, மேக்கில் இணைமதி. இணைமதி நம்மூர் முத்து நெடுமாறன் வடிவமைத்தது. இந்த இடத்தில்தான் இரண்டாம் சரணம் கெடுகிறது. பாடல் வரிக்கு ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டு பாணிகள் அங்கே தனித்தனியாக இருக்கும். முதலாவதை மட்டும் மாற்றினால் முதல், மூன்றாம் சரணம் சரியாகி இரண்டாவது அப்படியே கிடக்கும்.

வரி போடுவது கன்ட்ரோல் + எல். இடைவெளி விசை அடுத்த சொல்லுக்கும், இடைக்கோடு அடுத்த அசைக்கும் தாவும். ‘ஆண்டவர்’ என்றால் ஆண்-ட-வர் என்று மூன்று சுரம். ‘ண்’-ஐத் தனியாக ஒரு சுரத்தின் கீழ் வைத்தவர்களின் தாளைப் பார்த்திருக்கிறோம். பிள்ளைகள் அந்த இடத்தில் விழிப்பார்கள். புள்ளி எழுத்து முந்திய எழுத்தோடு சேரட்டும். ‘வா’ என்று மூன்று சுரம் இழுக்க வேண்டுமானால் அடிக்கோட்டை அழுத்துங்கள், கோடு நீளும்.

தமிழ் எழுத்து அகலம். ஒரு வரியில் நாலு பார் வர வேண்டிய இடத்தில் இரண்டுதான் வருகிறதென்றால் எழுத்தை 10-லிருந்து 8.5 புள்ளிக்குக் குறையுங்கள். பக்க அமைப்பில் ‘ஸ்டாஃப் ஸ்பேஸ்’ (சுரக்கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) 1.75 மில்லிமீட்டர் என்று இருக்கும், அதை 1.5 ஆக்குங்கள். அதற்குக் கீழே போனால் பின்வரிசையில் நிற்பவர்களுக்குக் கண் தெரியாது. கடைசியாக, வரி போட்டு முடித்ததும் தமிழ் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். ‘என்’ விசையை அழுத்தியும் சுரம் விழவில்லை என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

கேள்வி: மிஸ்ர சாபு, உறுமி அடி இதையெல்லாம் எழுத முடியுமா?

பதில்: மிஸ்ர சாபு எளிது. 7/8 தாளக்குறியை உருவாக்கும்போது மேலே 3+2+2 என்று எழுதி, சுரக்கொத்துகளையும் அப்படியே பிரித்துவிடுங்கள். சுரங்களைப் போடும் முன்பே இதைச் செய்தால் நல்லது. பின்னால் செய்தால் போட்ட கொத்துகளை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டி வரலாம். கண்ட சாபுவுக்கு 2+3.

உறுமிக்கு மியூஸ்ஸ்கோர் 4.5-ல் வந்த புதிய தாளவாத்தியப் பலகை கை கொடுக்கும். கட்டங்களுக்கு நீங்களே பெயர் வைக்கலாம். வளைந்த குச்சியால் தேய்ப்பதைக் கோட்டுக்குக் கீழும், வலப்பக்க அடியைக் கோட்டுக்கு மேலும் வையுங்கள். புதிதாகச் சேரும் பையனுக்கு எந்தக் கை என்று பார்த்ததும் புரியும். ஒலியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஜெனரல் மிடி என்னும் பொதுவான மின்னணு வாத்தியப் பட்டியலில் 105-ஆவது சித்தார், 112-ஆவது ஷெனாய். உறுமி, தவில், மிருதங்கம் மூன்றும் இல்லை. கணினியில் கேட்பது கணக்கு சரியா என்று பார்ப்பதற்கு. அந்த உறுமல் எப்படி இருக்க வேண்டும் என்பதை வாசிப்பவரையே கைப்பேசியில் பதிந்து தாளோடு அனுப்புங்கள்.

கேள்வி: சுரம் போட, கணினியோடு இணைக்கும் மிடி கீபோர்டு வாங்க 400 வெள்ளி ஒதுக்கியிருக்கிறோம். எதை வாங்கலாம்?

பதில்: கோயிலிலோ பள்ளியிலோ ஏற்கெனவே உள்ள கீபோர்டின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். சதுரமாக, மேல் முனைகள் சற்று மழுங்கிய யுஎஸ்பி துளை இருந்தால் பிரிண்டருக்குப் போடும் அதே கம்பி போதும். கம்பியைச் செருகிவிட்டு மியூஸ்ஸ்கோரைத் திறங்கள். முதலில் திறந்து பிறகு செருகினால் சில கணினிகளில் தெரியாது. ‘என்’ அழுத்தி, கால அளவுக்கு எண்ணை அழுத்தி (5 என்றால் ஒரு எண்ணிக்கை, 4 என்றால் அரை), கட்டையைத் தொட்டால் சுரம் விழும்.

வட்டத்தில் ஐந்து ஊசித் துளை மட்டும் இருந்தால் மிடி-யுஎஸ்பி கம்பி வேண்டும். அதில் ‘இன்’ என்று எழுதிய முனை பெரும்பாலும் கீபோர்டின் ‘அவுட்’டில் போகும், சத்தமே வராவிட்டால் முனைகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். மிக மலிவான கம்பிகளில் கோர்டு அழுத்தினால் ஒரு சுரம் விட்டுப்போகும், திருப்பிக் கொடுக்க முடிகிற கடையில் வாங்குங்கள்.

இரண்டு துளையும் இல்லையென்றால்தான் புதுக் கீபோர்டு. சுரம் போட மட்டும் என்றால் 25 கட்டை குறைவு, 49 சரி. வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி. உங்கள் 400-க்குள் அடங்க வேண்டுமென்றால் விலைச்சீட்டு 360-ஐத் தாண்டக் கூடாது, அஞ்சல் செலவு தனி.